கட்டம் கட்டமாய் ஒரு நகர்

எஸ்டிமேட் போடக் கற்றுக்கொள்கிறோம். பத்து வருடம் நீளும் வேலையில் பாதியில் விதி மாறினால்? கலிபோர்னியாவில் இது கோர்ட் வரை போன சங்கதி, நண்பர்களே.

அங்கே ஆரஞ்சு கவுண்டியில் அவ்கோ என்ற கம்பெனி மண்ணைச் சமன் செய்து, மழைநீர் வடிகால் போட்டு, 20 லட்சம் டாலருக்கு மேல் கொட்டிவிட்டது. அதற்குள் கடற்கரைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கட்டிட பெர்மிட் கையில் இல்லை, எனவே பழைய விதியைக் கேட்க உரிமையில்லை என்று 1976-ல் மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பில்டர்கள் ஆடிப்போனார்கள்.

1979-ல் சட்டம் ஒரு வழி செய்தது. நகர மன்றமும் பில்டரும் ஒப்பந்தம் போடலாம். வேறு மாதிரி எழுதிக்கொண்டாலொழிய, அன்றைய விதிகளே கடைசிக் கட்டம் வரை செல்லும். சும்மா கிடைக்குமா? ரோடு, பூங்கா என்று ஊர் பதிலுக்குக் கேட்டு வாங்கும். 12 மாதத்துக்கு ஒருமுறையாவது மன்றம் பரிசீலிக்கணும். ஒழுங்காக நடந்தேன் என்று காட்ட வேண்டியவர் பில்டர்தான். தவறியது ஆதாரத்தோடு தெரிந்தால் ஒப்பந்தத்தை மாற்றலாம், ரத்தும் செய்யலாம்.

ஆனால் பரிசீலனையின் பலம் ஒப்பந்த வாசகத்தில்தான் இருக்கு. "200 வீடு முடியுமுன் பாலம்" என்றிருந்தால் போய் எண்ணிப் பார்க்கலாம். "உரிய காலத்தில் பாலம்" என்றிருந்தால் எதை எண்ணுவது? வீடு விற்றால் காசு, பாலம் வெறும் செலவு. அதைக் கடைசிக் கட்டத்துக்குத் தள்ளத்தான் பில்டர் பார்ப்பார். நடுவில் விற்பனை படுத்தால் பாலம் பிளானிலேயே நிற்கும், முதல் கட்டத்தில் குடிவந்தவர்கள் சுற்றிக்கொண்டு போவார்கள்.