மீந்துபோன மாத்திரைகள்

மலேசியக் குடிமக்கள் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட் செலுத்தினால் மருத்துவரைப் பார்த்து மருந்தும் பெற்று வரலாம். ஆயினும், அப்படிப் பெற்று வந்த மருந்து பல வீடுகளில் பிரிக்கப்படாமலேயே கிடக்கிறது. வளர்ந்த நாடுகளில்கூட நாட்பட்ட நோயாளிகளுள் ஏறக்குறைய பாதிப் பேர்தாம் மருந்தை முறையாக உட்கொள்கின்றனர் என உலகச் சுகாதார நிறுவனம் 2003ஆம் ஆண்டு அறிக்கையில் குறிப்பிட்டது. நம் நாட்டில், 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. ஆகவே, இஃது ஓரிரு குடும்பங்களின் சிக்கலன்று.

“தாத்தாவுக்கு மறதி” என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். மறதியும் ஒரு காரணம்தான். ஆனால், தெரிந்தே மருந்தைத் தவிர்ப்போரும் உளர். அவர்களிடம் காரணம் கேட்டால் சொல்வார்கள்; நாம்தாம் கேட்பதில்லை.

உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் வலிப்பதில்லை. தலைசுற்றல்கூட இல்லாமல் பல ஆண்டுகள் உடலில் இருக்கும். அளவு சீராகிவிட்டது என்று கண்டதும் சிலர் மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். மாத்திரை உட்கொண்டதால்தான் அளவு சீரானது என்பது அவர்களுக்கு விளக்கப்படாமல் போயிருக்கலாம். வேறு சிலருக்குப் பக்கவிளைவுகளே தடை. நீரிழிவுக்கான மெட்ஃபார்மின் மாத்திரை சிலருக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும். வெளியூர்ப் பயணமோ திருமண விருந்தோ இருக்கும் நாளில் அதனை ஒதுக்கிவிடத் தோன்றுவது இயல்புதானே? உணவோடு சேர்த்து உட்கொண்டால் இத்தொல்லை குறையும். மெதுவாகக் கரையும் வகையும் உண்டு. மருத்துவரிடம் சொன்னால்தான் இதற்கு வழி பிறக்கும்.

எல்லாவற்றிலும் வலுவானது அச்சம். “மருந்து சாப்பிட்டால் சிறுநீரகம் கெட்டுப்போகும்” என்ற பேச்சை நம் வீடுகளில் அடிக்கடி கேட்கலாம். நீண்டகாலம் மருந்து உட்கொண்ட உறவினர் ஒருவர் இறுதியில் இரத்தச் சுத்திகரிப்புக்குச் சென்றதைக் கண்டவர்கள் இப்படி எண்ணுவதில் வியப்பில்லை. உண்மையோ நேர்மாறானது. கட்டுப்படாத சர்க்கரைதான் சிறுநீரகத்தின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சிதைக்கிறது. மலேசியாவில் சிறுநீரகச் செயலிழப்புக்கு முதன்மைக் காரணம் நீரிழிவே. அந்நிலைக்கு வந்தவர் வாரத்திற்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் இயந்திரத்தின் அருகே படுத்திருக்க வேண்டும். இந்த அச்சத்தைக் கேலி செய்தால் பாட்டி வாயை மூடிக்கொள்வாரே தவிர, மாத்திரையை விழுங்கமாட்டார். பொறுமையாக அமர்ந்து விளக்குவதே பயன் தரும்.

மொழியும் ஒரு தடையே. மருந்துப் பையின் மீதுள்ள மலாய்க் குறிப்பை வாசிக்க இயலாத முதியோர் மாத்திரையின் நிறத்தை வைத்தே அடையாளம் காண்கின்றனர். தயாரிப்பு நிறுவனம் மாறும்போது நிறமும் மாறலாம்; அன்றே குழப்பம் தொடங்கிவிடும். இங்கே பேரப்பிள்ளைகளின் உதவி பெரிது. பையின் மீது தமிழில் எழுதி, காலைக்குச் சூரியனையும் இரவுக்கு நிலாவையும் வரைந்து ஒட்டலாம். காலைத் தேநீர் போன்ற அன்றாடப் பழக்கத்தோடு மாத்திரையை இணைத்துவிட்டால் கைப்பேசி மணிகூடத் தேவைப்படாது. ஏழு நாள் மாத்திரைப் பெட்டியும் உதவும். ஆனால், சில மாத்திரைகளை உறையிலிருந்து முன்கூட்டியே பிரித்து வைக்கக்கூடாது என்பதால், மருந்தாளரிடம் கேட்டபின் அதனைப் பயன்படுத்துங்கள். தைப்பூச விரதம் இருக்க விரும்பும் நீரிழிவு நோயாளிகள் முன்னதாகவே மருத்துவரைக் கலந்து பேச வேண்டும். உணவின்றிச் சில மருந்துகளை உட்கொண்டால் சர்க்கரை அளவு ஆபத்தான நிலைக்கு இறங்கிவிடும்.

மீந்துபோன மாத்திரைகளைச் சிலர் மறைத்துவிடுகின்றனர். மருத்துவர் கடிந்துகொள்வாரோ என்ற கூச்சமே காரணம். மருத்துவர் என்ன செய்வார்? சர்க்கரை குறையவில்லையே என எண்ணி மருந்தின் அளவைக் கூட்டுவார். பிறகு ஒருநாள், பிள்ளைகளின் வற்புறுத்தலால் அத்தனையையும் ஒழுங்காக உட்கொள்ளத் தொடங்கும் நோயாளி, வியர்த்து நடுங்கி மயங்கி விழக்கூடும். ஆகவே, அடுத்த முறை கிளினிக்கிற்குத் துணையாகச் செல்லும்போது, வீட்டிலுள்ள மருந்துகள் அனைத்தையும், மீந்தவற்றையும் நாட்டு மருந்துகளையும் சேர்த்து, ஒரே பையில் எடுத்துச் செல்லுங்கள். எத்தனை மாத்திரைகள் மீந்துள்ளன, அவை ஏன் மீந்தன என்பதைத் தாத்தாவோ பாட்டியோ தாமே சொல்லட்டும்.