கிணற்றுமேட்டுக் கல்

ராயகிரி,
தை மாதம்.

அன்புள்ள மருமகளுக்கு,

முதுகலைப் பரீட்சை முடிந்தபின் பூகர்ப்ப சாஸ்திரத்தில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துகொள்ளலாமா, எந்தச் சர்வகலாசாலை, எந்தப் பேராசிரியர், செயற்கைக்கோள் படங்களை வைத்துக்கொண்டு கணினிக்கு முன் உட்கார்ந்தபடியே முடிக்கக்கூடிய தலைப்பாக ஒன்றை எடுத்துக்கொண்டால் காலம் மிச்சமாகுமல்லவா என்றெல்லாம் வரிசையாகக் கேட்டு எழுதியிருக்கிறாய். நீ கேட்ட வரிசையிலேயே விடை எழுதுவது எனக்கு உசிதமாகப் படவில்லை. ஏனெனில் எந்தப் பேராசிரியர் என்பதும் எந்தக் கருவி என்பதும், எந்தக் கேள்வி என்பது நிச்சயமானபின் பெரும்பாலும் தாமாகவே தீர்ந்துவிடும் விஷயங்கள். அந்தக் கேள்வியோ, பாறையின்மேல் நடந்து பார்த்தவர்களுக்கன்றி மற்றவர்களுக்கு எளிதில் அகப்படுவதில்லை என்பது என் திடமான அபிப்பிராயம்.

முதலில் லௌகிகத்தைப் பேசிவிடுவோம். உத்தியோகம் ஒன்றே உன் நோக்கமானால் முனைவர் பட்டம் வேண்டியதே இல்லை. 1851-ல் கல்கத்தாவில் தாமஸ் ஓல்டாம் தலைமையில் தொடங்கிய இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர, மத்தியத் தேர்வாணையம் நடத்தும் பரீட்சைக்கு முதுகலைப் பட்டமே போதும். ஆனால் வயது வரம்பு 32, சலுகை உள்ள வகுப்பினருக்கு அதற்குமேல் சிறிது இடமுண்டு. ஆராய்ச்சியை முடித்துக்கொண்டு சாவகாசமாக எழுதலாம் என்றிருந்து வயது கடந்து நின்றவர்களை நான் அறிவேன். ஆகையால் பதிவு செய்துகொண்ட பிறகும் அந்தப் பரீட்சையை விடாமல் எழுதிக்கொண்டே வா.

பட்டம் இல்லாமலும் இந்தச் சாஸ்திரத்தில் சிகரம் எட்டியவர் உண்டு. 1957-ல் லண்டன் ராயல் சொஸைட்டிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்திய நிலவியலாரான வாடியா, ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவரல்லர். ஜம்முவில் கல்லூரி ஆசிரியராக இருந்தபோது விடுமுறைதோறும் இமயத்தின் அடிவாரங்களில் நடந்து கற்றவர். நம் தஞ்சை ஜில்லா மகாராஜபுரத்தில் 1898-ல் பிறந்த எம். எஸ். கிருஷ்ணனோ, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பி, 1951-ல் ஆய்வுத்துறையின் முதல் இந்திய டைரக்டரானார். இந்தியா, பர்மா இரண்டின் நிலவியல் பற்றி அவர் 1943-ல் வெளியிட்ட நூலை நீயும் வாசித்திருப்பாய். பட்டம் ஒருவருக்கு இருந்தது, மற்றவருக்கு இல்லை. மலையில் நடந்த பழக்கம் இருவருக்கும் இருந்தது.

கேள்வி எவ்வாறு பிறக்கிறது என்பதற்கு நம் பக்கத்துக் கல்லையே திருஷ்டாந்தமாகக் காட்டுகிறேன். குவாரிகளில் வெடிவைத்துப் பிளந்து, கிரஷரில் போட்டு ஜல்லியாக்கி லாரி லாரியாகக் கொண்டுபோகிறார்களே, பச்சை ஓடிய கருமையும் உடைந்த முகத்தில் எண்ணெய்ப் பளபளப்பும் உள்ள கல், அது சார்னோகைட். கல்கத்தாவில் ஜாப் சார்னோக் என்ற வெள்ளைக்காரரின் சமாதியில் பதித்திருந்த கல்லைக் கண்டு 1893-ல் தாமஸ் ஹாலண்டு அதற்கு அப்பெயரிட்டார். பிறகு பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் உள்ள பாறைகளை விரிவாக ஆராய்ந்து 1900-ல் வெளியிட்ட பெருங்கட்டுரையில், இது பூமியின் ஆழத்தில் குழம்பாயிருந்து உறைந்த தீப்பாறையே என்று நிர்ணயம் செய்தார். அன்றுமுதல் அறுபது வருஷ காலம் அறிஞர்கள் அதை ஒப்பியும் மறுத்தும் எழுதிக்கொண்டிருக்க, மைசூர் ராஜ்யத்துக் கப்பாளதுர்க்கத்தின் குவாரி ஒன்றில், சாம்பல் நிற நைஸ் பாறை அங்கங்கே திட்டுத்திட்டாகக் கறுத்துச் சார்னோகைட்டாக மாறத் தொடங்கிப் பாதியில் நின்றுவிட்ட நிலையை சி. எஸ். பிச்சமுத்து கண்டு, 1960-ல் 'நேச்சர்' பத்திரிகையில் அறிவித்தார். முன்பே இருந்த ஒரு பாறை, திட நிலையிலேயே வேறொரு பாறையாக மாறியிருக்கிறது! மாற்றத்துக்குக் காரணம் என்ன என்பதற்கு 1979-ல் ஜனார்தன், நியூட்டன் முதலியோர் ஒரு விடை கொண்டுவந்தனர்: கரியமில வாயு மிகுந்த ஆவி பாறைக்குள் ஊடுருவியதால், காக்காப்பொன் முதலிய கனிமங்களில் அடங்கியிருந்த நீர் வெளியேறி, அவை இருந்த இடத்தில் ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் விளைந்தது என்பது அவர்கள் கொள்கை. அதற்காக ஹாலண்டு சொன்னது முற்றிலும் பொய்யென்று ஆகிவிடவில்லை. குழம்பிலிருந்து உறைந்த சார்னோகைட்டுகளும் உண்டென்று இன்றும் வாதிக்கிறார்கள். இதில் நீ கவனிக்க வேண்டியது, கேள்வி வெட்டுமுகத்தில் வெறுங்கண்ணுக்குத் தென்பட்டதென்பதும், அதற்கு விடை தேடிய சோதனைச்சாலைக் கணக்குகள் ஏறத்தாழ இருபது வருஷம் கழித்தே வந்தன என்பதும்தான். கேள்வி இல்லாமல் கருவியைத் தேடிப் போவது, வரன் நிச்சயமாகுமுன் கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவது போன்றது.

நம் பக்கத்தில் எல்லாம் ஆராய்ந்து முடிந்துவிட்டதென்று எண்ணாதே. வடக்கே ராஜபாளையத்துப் பாறையில் சபிரின் என்னும் கனிமமும் குவார்ட்ஸும், அதாவது நம் ஜனங்கள் வெங்கச்சங்கல் என்பதும், ஒன்றையொன்று தொட்டபடி சேர்ந்திருப்பதை ஜப்பானியரும் இந்தியரும் அடங்கிய குழு ஒன்று 2004-ல்தான் வெளியிட்டது. தென்னிந்தியாவில் அச்சேர்க்கையைப் பற்றி வந்த முதல் செய்தி அதுவே. அப்பாறை ஒரு காலத்தில் 900 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்தில் இருந்ததற்கு அது சாட்சி. தெற்கேயோ, கேரளத்து அச்சன்கோவில் பக்கமிருந்து வடமேற்குத் தென்கிழக்காகச் செங்கோட்டை, தென்காசிச் சீமையை ஊடறுத்து வரும் அச்சன்கோவில் பெயர்ச்சி மண்டலம், பல கிலோமீட்டர் அகலமும் நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீளமுமாகக் கிடக்கிறது. அதற்கு வடக்கே மதுரைப் பாளம், தெற்கே கோண்டலைட் பாறைகள் மிகுந்த திருவனந்தபுரப் பாளம். மடகாஸ்கர்த் தீவின் ரனோட்சாரா மண்டலம் இதன் தொடர்ச்சி என்பார் ஒரு சாரார். இல்லையென்பார் மற்றொரு சாரார். இரண்டு கண்டத்துண்டுகள் ஒட்டிய தையல் இது என்பாரும், ஒரே துண்டுக்குள் ஏற்பட்ட சறுக்கல் என்பாரும் இன்னும் சமாதானமாகவில்லை.

செயற்கைக்கோள் படத்தை நான் இகழவில்லை. 1980-ல் டிரூரியும் ஹோல்ட்டும் லாண்ட்சாட் படங்களிலிருந்து தென்னிந்தியாவின் நீண்ட பெயர்ச்சி ரேகைகளை வரைந்து காட்டியது பெருங்காரியந்தான். ஆனால் படத்தில் தெரியும் கோடு, எந்தப் பக்கம் எந்தத் திசையில் நகர்ந்தது, எவ்வளவு ஆழத்தில், எக்காலத்தில் என்பவற்றைச் சொல்லாது. அதற்குப் பாறையின் இழைகளைக் காம்பஸ் வைத்து அளக்க வேண்டும், 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்த சீவலை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும், சிர்க்கான் மணிகளில் யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறதென்று கணக்கிட வேண்டும். நம் தென்கோடிப் பாறைகளின் சிர்க்கான், மோனசைட் மணிகள் பலவற்றில், கோண்டுவானாக் கண்டம் ஒன்றுசேர்ந்த காலமாகிய ஏறத்தாழ 55 கோடி ஆண்டு என்ற வயது திரும்பத் திரும்ப வருகிறது. மணியின் நடுவில் ஒரு வயதும் விளிம்பில் வேறொரு வயதும் இருக்குமாதலால், எந்தப் பாறையில், எந்த இழைக்குப் பக்கத்தில் எடுத்த மணி என்ற குறிப்பு இல்லாவிட்டால் அந்த எண்ணைக் கொண்டு ஒரு பிரயோஜனமுமில்லை.

எங்கே நடப்பது என்பாய். நம் ஊர்ப்பக்கத்துப் பெரிய கிணறுகளைப் பார். மேலே மண், அதன்கீழ் மக்கிய சுக்கான், அதற்குக் கீழே வெடிவைத்து இறக்கிய கெட்டிப் பாறை. அதிலிருந்து வெளியேற்றிய கல்லெல்லாம் கிணற்றுமேட்டில் குவிந்து கிடக்கும். வெயிலும் மழையும் தின்ற மேற்பரப்பில் தெரியாத கனிமங்கள் அந்தக் குவியலில் புதிதாகத் தெரியும். எந்தக் கிணற்றுக் கல் என்பதிலும் சந்தேகமில்லை. ஆனால் மேட்டுக் கல்லைக் கொண்டு இழையின் திசையை அளந்துவிடாதே, அது இடம் பெயர்ந்த கல்; திசைக்கு ஓடைப்படுகைக்குப் போ. சாரல் காலத்தில் ஓடைகள் மூழ்கிவிடும், ஐப்பசி கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். மாசி முதல் சித்திரை வரை படுகைப் பாறை கழுவித் துடைத்த மாதிரி காத்திருக்கும். சிவகிரியிலிருந்து செங்கோட்டை வரை கிணறு கிணறாக, ஓடை ஓடையாக ஒரு வரைபடம் போடு; அதைப் போட்டு முடிப்பதற்குள் உனக்கென்று ஒரு கேள்வி எழவில்லையானால் பதிவு செய்துகொள்ளாதே, பரீட்சைக்கே படி.

கேள்வி வந்தபின் பேராசிரியரைத் தேடு. அவரிடம் போகுமுன் அவருடைய பழைய மாணவர்களைக் கண்டு, அவர் கடைசியாக எப்போது மாணவரோடு களத்துக்குப் போனார் என்று மட்டும் விசாரி. அவர் பெற்ற விருதுகளைவிட அது உனக்கு முக்கியம். மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் சென்னையும் அண்ணாமலையும் இருக்கின்றன. மலைக்கு அந்தப்புறம் திருவனந்தபுரத்தில் தேசிய புவி அறிவியல் ஆய்வு மையமும் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக்குழுவின் 2022-ஆம் வருஷ விதிப்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று வருஷம், அதிகம் ஆறு வருஷம். பெண்களுக்கு மேலும் இரண்டு வருஷச் சலுகையும், பிரசவத்துக்கும் குழந்தை பராமரிப்புக்குமாக 240 நாள் விடுப்பும் உண்டு. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்குமுன் கட்டுரை பிரசுரித்தாக வேண்டும் என்ற நிர்ப்பந்தத்தை அதே விதிகள் நீக்கிவிட்டன, என்றாலும் நீ பிரசுரித்துக்கொள். தேசியத் தகுதித் தேர்வில் தேறி இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை பெற்றால் முதலிரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. உதவித்தொகை இல்லாமல் இந்தக் காரியத்தில் இறங்குவதை நான் ஆதரிக்கமாட்டேன். களச் செலவும் சோதனைக் கட்டணமும் உன் தாயார் தலையில் விழும்.

பெண்ணுக்கு இது தகுமா என்ற பேச்சு வீட்டில் நடப்பதை அறிவேன். 1952-ஆம் வருஷச் சுரங்கச் சட்டத்தின் 46-ஆம் பிரிவு பெண்கள் பூமிக்கடியில் வேலை செய்வதையே விலக்கி வைத்திருந்தது. 2019-ல் மத்திய சர்க்கார் அதைத் தளர்த்தியாயிற்று. சட்டமே வழிவிட்ட பிறகு குடும்பம் மறிப்பது நன்றாயில்லை. ஆயினும் தனியாக மலையேறாதே. ஓடைகளின் போக்கை ஆட்டுக்கிடைக்காரர்கள் நம்மைவிட நன்றாக அறிவார்கள், அவர்களில் வயதான ஒருவரை உடன் அழைத்துக்கொள்.

மலைப்பகுதி வனத்துறையின் வசத்தில், நெல்லை வனவிலங்கு சரணாலயத்துக்குள் இருப்பதால், அனுமதி இல்லாமல் அங்கே ஒரு கல்லைக்கூட உடைக்கக் கூடாது. அனுமதி வரவும் மாதங்கள் செல்லும். விண்ணப்பத்தில் நடக்கப்போகும் ஓடைகளின் வரைபடத்தையும், எடுக்கப்போகும் மாதிரிகளின் எண்ணிக்கையையும் எடையையும் காட்டி, கல்லூரி முதல்வரின் கையொப்பத்தோடு இந்த மாதமே அனுப்பிவிடு. அடிவாரத்துப் பட்டா நிலங்களுக்கு அந்தத் தடை இல்லை. கிணற்றுக்காரர்களிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை சொன்னால் போதும், மாசி பிறந்ததும் அங்கே தொடங்கலாம். இதற்காக உன் கல்யாணத்தைத் தள்ளிப்போடுவது பற்றி உன் தாயாரிடம் நீ ஒன்றும் பேச வேண்டாம்; வெள்ளிக்கிழமை நான் நேரில் வந்து பேசிக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
உன் மாமன்.