தன்னம்பிக்கையா, தலைக்கனமா?

பனித்தளத்தில் இசைக்கேற்பச் சறுக்கி ஆடும் விளையாட்டு ஃபிகர் ஸ்கேட்டிங். 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் அமெரிக்க வீரர் நேதன் சென் முதல் சுற்றில் தடுமாறி 17ஆம் இடத்துக்குச் சரிந்தார். மறுநாள், காற்றில் நான்கு சுற்றுச் சுழலும் கடினமான தாவலை ஆறு முறை முயன்று, அச்சுற்றில் முதலிடம் பெற்றார். மொத்தத்தில் 5ஆம் இடம். 2022 பெய்ஜிங்கில் தங்கம் வென்றார்.

துணிந்து முயலும்போது தன்னம்பிக்கையும் தலைக்கனமும் ஒன்றுபோலத் தோன்றும். தவறியபின்தான் வேறுபாடு தெரியும்.

வகுப்பில் முந்திக்கொண்டு கையுயர்த்தும் மாணவரைத் 'திமிர்' என்று அடக்க வேண்டாம். விடை தவறும்போது கவனியுங்கள். திருத்திக்கொள்ள முன்வந்தால் அது தன்னம்பிக்கை, பாராட்டுங்கள். பிறர்மீது பழிபோட்டால், மட்டம் தட்டாமல், “அடுத்த முறை எதை மாற்றுவாய்?” என்று கேளுங்கள்.