வயல் வாத்துக்குச் சிவப்புப் பதம் ஒத்துவராது

இரும்பை மாகாளேசுவரர் கோயிலிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஆரோவில். அரைமணி நேரத்துக்குள் புதுச்சேரி. 1954 வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த ஊரின் சமையல் இந்தப் பக்கம். அந்தப் பக்கம், திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்தில் நெல் அறுத்த வயல்களில் சிந்திய மணியையும் நத்தையையும் பொறுக்கித் திரியும் மேய்ச்சல் வாத்துகள். இரண்டையும் ஒரே தட்டில் சேர்க்கிறது இளஞ்சூட்டு வாத்து சாலட். அதைப் பற்றி ஊன்றிப்போன நம்பிக்கை இது: நெஞ்சுக்கறியின் தோலை மட்டும் முறுகவிட்டு, உள்ளே இளஞ்சிவப்பாக நிறுத்த வேண்டும், முழுக்க வெந்தால் கறி பாழ். இதை நம்பி நம்மூர் வாத்தை வாணலியில் பத்து நிமிடம் வாட்டினால் கிடைப்பது செருப்புத் தோல். பழி மட்டும் வாத்தின் தலையில் விழுகிறது.

அந்த விதி எங்கே பிறந்தது என்று பார்த்தால் குழப்பம் தீரும். பிரான்சின் காஸ்கோனிப் பகுதியில், ஓஷ் நகரத்துச் சமையல் வல்லுநர் ஆந்த்ரே தகான்தான் வாத்து நெஞ்சை மாட்டுக்கறித் துண்டுபோல அரைவேக்காட்டில் பரிமாறிப் பிரபலப்படுத்தியவர். அவர் கையில் இருந்தது ஈரலுக்காகத் தீனி திணித்துக் கொழுக்க வைத்த வாத்து. நெஞ்சு கனத்தது, தோலுக்கடியில் கொழுப்பு தடித்தது. நம் வயல் வாத்து முட்டைக்காக வளர்வது. முட்டை குறைந்த பெட்டையும் கூட்டத்தில் மிஞ்சிய ஆணும்தான் பெரும்பாலும் கறிக்கு வரும். நாளெல்லாம் நடந்து நீந்திய உடம்பு, மெல்லிய நெஞ்சு, வயதேறிய தசை. வயது ஏற ஏறத் தசையைக் கட்டியிருக்கும் கொலாஜன் இறுகும். அது இளகிக் கூழாக, ஈரச் சூடும் நேரமும் வேண்டும், அவசரத் தீ உதவாது. இதில் வேடிக்கை, அதே காஸ்கோனியின் பழைய சமையலில் வாத்துக் காலையும் இரைப்பையையும் அதன் கொழுப்பிலேயே மணிக்கணக்கில் சிறுதீயில் வேகவைப்பார்கள். அங்கே புகழ்பெற்ற இளஞ்சூட்டு சாலட் ஒன்றில் அந்த இரைப்பைத் துண்டுகள்தான் விழும். அடம்பிடிக்கும் கறிக்கு அவர்கள் வைத்த வழியை விட்டுவிட்டு, கொழுத்த நெஞ்சுக்கான வழியை மட்டும் நாம் இறக்குமதி செய்துகொண்டோம்.

‘உள்ளே சிவப்பு இருந்தால் ரத்தம் வேகவில்லை’ என்பது எதிர்த்தரப்பின் நம்பிக்கை, அதுவும் சரியில்லை. சிவப்பு மயோகுளோபின் என்ற புரதத்தின் நிறம். வாத்தின் நெஞ்சுத் தசையில் அது கோழியைவிட அதிகம். ஆகவே நிறத்தை வைத்து வெந்ததா என்று தீர்ப்பதில் பயனில்லை, சூட்டைத்தான் பார்க்க வேண்டும். பறவைக் கறியின் உள்சூடு 74 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் அறிவுரை. ‘பெரிய ஓட்டல்களில் சிவப்பாகத்தானே தருகிறார்கள்’ என்று கேட்கலாம். ஆனால், நோய்க்குறி காட்டாமலே பறவைக் காய்ச்சல் கிருமியைச் சுமக்கக்கூடியவை வாத்துகள்; 2014-இலும் 2021-இலும் ஆலப்புழை, கோட்டயம் வாத்துப் பண்ணைகள் பட்டபாடு தெரிந்ததுதான். நன்றாக வேகவைத்தால் அந்தக் கிருமி சாகும். எந்த வயலில் மேய்ந்தது என்று தெரியாத பறவையை அரைவேக்காட்டில் தின்ன வேண்டிய தேவை என்ன? அதுவும் மெதுவாக வெந்தால்தான் ருசிக்கும் கறியை?

கவுச்சி, கொழுப்பு என்ற இரண்டு புகார்களுக்கும் பதில் தோல் பக்கமே இருக்கிறது. வால் நுனியின் மேலே இருக்கும் எண்ணெய்ச் சுரப்பியை வெட்டி எறிந்தால் பாதி வாடை போய்விடும். பண்ணை வாத்தின் பச்சைக்கறியில் தோலோடு 100 கிராமுக்குச் சுமார் 39 கிராம் கொழுப்பு. தோலை உரித்தால் 6 கிராம்தான். ஆக, கறியை உப்பு, மிளகு, இஞ்சியோடு மண்சட்டியில் எலும்பு கழலும்வரை ஒன்றரை, இரண்டு மணிநேரம் சிறுதீயில் விட்டு, கையால் பிய்த்து, மேலே மிதக்கும் கொழுப்பில் இரண்டு கரண்டி மட்டும் இரும்பு வாணலியில் ஊற்றி, ஓரம் முறுகப் புரட்டினால் போதும். சட்டியில் மிஞ்சிய சாறு சுண்டியதும் எலுமிச்சை பிழிந்தால் அதுவே சாலட்டுக்கான ரசம்.

‘சாலட் சாப்பாடாகுமா, சோறு வேண்டாமா’ என்ற கேள்விக்கு வெள்ளரியையும் வெங்காயத்தையும் மட்டும் நினைத்தால் ஆகாதுதான். தோலில்லாத வெந்த வாத்துக் கறி 150 கிராமில் ஏறக்குறைய 35 கிராம் புரதம் வருகிறது. அடியில் போட அவித்த வேர்க்கடலை இருக்கிறது. டி.எம்.வி. என்று தொடங்கும் கடலை ரகங்களின் பெயரே திண்டிவனத்தைக் குறிப்பது. அந்த ஊர் ஆராய்ச்சி நிலையம் தந்தவை அவை. இந்த மண்ணில் சாலட்டுக்கு வேறு எதையும் தேடிப் போக வேண்டியதில்லை. ‘பச்சை இலையில் கிருமி, மஞ்சள் உப்புத் தண்ணீரில் முக்கினால் சரியாகும்’ என்பதும் அரைகுறைதான். முக்கி எடுப்பதைவிட ஓடும் நீரில் இலை இலையாகக் கழுவுவது மேல். கடைசியாக, இளஞ்சூடு என்றால் நெடுநேரம் வெதுவெதுப்பாக வைத்திருப்பது என்று கொண்டுவிடக் கூடாது. 5 முதல் 60 டிகிரிவரை கிருமி பெருகும் சூடு. 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் நாளில் சமைத்த கறி வெளியில் ஒரு மணி நேரம்தான் தாங்கும். சித்திரை, வைகாசியில் விழுப்புரம் மாவட்டத்தில் அப்படி இல்லாத மதியம் அபூர்வம். கடலையையும் இலையையும் தட்டில் பரப்பி, உண்பவர் உட்கார்ந்த பிறகே வாணலியை இறக்க வேண்டும்.