டிராக்டர் டிரெயிலரின் டயர் வெடித்தல்: காரணமும் தடுக்கும் முறையும்

திருவண்ணாமலை ஜில்லாவில் நெல், நிலக்கடலை, கரும்பு முதலியவற்றை வயலினின்றும் களத்தினின்றும் ஏற்றிச் செல்லும் வேலையை முற்காலத்தில் மாட்டு வண்டிகளே செய்துவந்தன. இப்பொழுது அவ்வேலையின் பெரும்பகுதியை டிராக்டரும் அதன் பின்னே பூட்டப்படும் டிரெயிலரும் ஏற்றுக்கொண்டுவிட்டன. இரும்புப் பட்டை போட்ட மரச் சக்கரத்திற்கு வெடிப்பு என்பதே இல்லை. பட்டை கழன்றால் கொல்லனிடம் கொண்டுபோய்ப் பூட்டிக்கொள்வார்கள். காற்றடைத்த டயரோ பாரத்தை இலகுவாக உருளச் செய்யும், ரஸ்தாவையும் கெடுக்காது. ஆயினும், கவனிப்பில் குறை நேருமாயின், சுமையேற்றிய வண்டியை நடு ரஸ்தாவில் கவிழ்த்துவிடவும் கூடும்.

டயர் வெடித்தவுடன் அநேகர் வழியிலுள்ள கல்லையும் ஆணியையும் வெயிலையும் குறை கூறுகின்றனர். ஆணி தைத்தால் பெரும்பாலும் காற்று இறங்குமேயன்றி டயர் வெடித்துச் சிதறுவதில்லை. வெடிப்புகளுக்கு முக்கிய மூலம், காற்றை அளந்து பாராமையும், அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றுதலுமேயாகும். இவ்விரண்டும் வண்டி புறப்படுமுன் களத்திலேயே குடியானவரின் கையிலுள்ளவை. இதனை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

டயர் சூடேறும் விதம்

அயர்லாந்தின் பெல்பாஸ்டு நகரில் கால்நடை வைத்தியராயிருந்த ஜான் பாய்டு டன்லப் என்பவர் 1888-ல் காற்றடைத்த டயருக்குப் பேடண்ட் பெற்றார். அமெரிக்காவில் 1932-ல் ஆலிஸ்-சால்மர்ஸ் கம்பெனியார் அத்தகைய டயர் பூட்டிய டிராக்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். டயரின் அமைப்பு பிற்பாடு மிகவும் திருந்தியுள்ளதாயினும் அடிப்படைத் தத்துவம் ஒன்றே. பாரத்தைத் தாங்குவது ரப்பர் அன்று. உள்ளே அடைபட்டிருக்கும் காற்றேயாகும். ரப்பரும் அதனுள் அடுக்கப்பட்ட நூற்படலங்களும் அக்காற்றை அடக்கிவைக்கும் பை போன்றவை.

சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்பொழுது, தரையில் படியும் பாகத்தில் டயரின் பக்கச்சுவர் பிதுங்கி வளைந்து, மறுபடியும் நிமிர்கின்றது. 80 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயர் ஒரு கிலோமீட்டர் தூரத்திற்குச் சுமார் 400 தடவை சுற்றும். திருவண்ணாமலையிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் தொலைவிலுள்ள செங்கம் சென்று சேர்வதற்குள் பக்கச்சுவரின் ஒவ்வோர் இடமும் சுமார் 14,000 தடவை வளைந்து நிமிரும். ஒரு கம்பியை அங்குமிங்கும் பலமுறை வளைத்தால், வளைந்த இடம் சூடேறி முடிவில் ஒடிவதை யாவரும் கண்டிருக்கலாம். டயரின் கதியும் அதுவே. காற்றுக் குறைந்தால் வளைவு மிகும். பாரம் மிகுந்தாலும் வளைவு மிகும். வேகம் கூடினால் சூடு ஆறுவதற்கு அவகாசம் இராது. அச்சூட்டினால் நூற்படலம் ரப்பரிலிருந்து பிரிந்து, பலம் குன்றி, முடிவில் ஒரு கணத்தில் கிழிந்துவிடுகின்றது.

கோடையில் காற்றைக் குறைப்பது தவறு

சித்திரை, வைகாசி மாதங்களில் வெயிலினால் டயர் வெடித்துவிடும் என்று அஞ்சி, வழக்கமான அளவைவிடக் காற்றைக் குறைத்து அடைக்கும் பழக்கம் சிலரிடம் உள்ளது. இது நன்மை என்று எண்ணித் தீமையைத் தேடிக்கொள்வதாகும். 30 டிகிரி உஷ்ணத்தில் 50 பவுண்டு அடைத்த காற்று 60 டிகிரிக்குச் சூடேறினால், அழுத்தம் ஏறக்குறைய 6 பவுண்டு மட்டுமே கூடும். நல்ல நிலையிலுள்ள டயர் இதனைத் தாங்கும்படியே செய்யப்பட்டிருக்கின்றது. காற்றைக் குறைப்பதனாலோ, பக்கச்சுவர் அதிகம் வளைந்து வெயிலின் சூட்டோடு உராய்வின் சூடும் சேர்கின்றது. ஓடி நின்ற டயர் சூடாயிருக்கும்பொழுது அழுத்தம் கூடியிருக்கக் கண்டு காற்றை வெளியேற்றுவதும் இவ்வாறே தவறாகும்.

வேறொரு மயக்கமும் உண்டு. டிராக்டரின் பின்பக்கத்துப் பெரிய டயருக்கு வயல் வேலையில் குறைந்த காற்றே போதும். அதனால் மண்ணில் பிடிப்பு உண்டாகும். டிரெயிலர் டயர் அவ்வகையன்று. அது சிறியது, பாரத்தைச் சுமப்பது, அதற்கு அதிகக் காற்று வேண்டும். எவ்வளவு பாரத்திற்கு எவ்வளவு காற்று என்பது டயரின் பக்கத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அவ்வெண்ணையே பின்பற்றுக. காலால் உதைத்தோ கட்டையால் தட்டியோ அறிய முயல்வது பயனற்றது. காற்றளக்கும் கருவி ஒன்றை வாங்கி, காலையில் புறப்படுமுன், டயர் குளிர்ந்திருக்கும்பொழுதே அளக்கவேண்டும். ஒரு டயரின் விலையோடு ஒப்பிட்டால் கருவியின் விலை மிகச் சொற்பம்.

பாரத்தைக் கணக்கிடுதல்

இரு சக்கர டிரெயிலர் ஒன்று சுமையுடன் 4,000 கிலோ நிறையுள்ளது என்று வைத்துக்கொள்வோம். அதில் 400 கிலோ டிராக்டரின் கொக்கியின் மேல் இறங்குமாயின், மிகுதி 3,600 கிலோவை இரு டயர்களும் தலைக்கு 1,800 கிலோவாகச் சுமக்கும். மூட்டைகள் ஒருபுறமாகச் சாய்ந்து அடுக்கப்பட்டால், ஒரு டயருக்கு 2,100 கிலோவும் மற்றதற்கு 1,500 கிலோவும் ஆகலாம். மொத்தப் பாரம் சரியாயிருந்தும் ஒரு டயர் வெடிப்பது இதனாலேதான். ஆகவே நெல் மூட்டையாயினும், செய்யாறு கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குச் செல்லும் கரும்பாயினும், இருபுறமும் சமமாக அடுக்குக. இன்னும் நான்கு கட்டுத்தானே என்று மேலே ஏற்றும் கரும்பு, ஒரு நடையின் கூலியை மிச்சப்படுத்தி ஒரு டயரைச் செலவழித்துவிடும்.

பழைய டயர்கள்

லாரியிலிருந்து கழித்த டயர்களை டிரெயிலருக்குப் பூட்டும் வழக்கம் பரவலாக உள்ளது. அவற்றின் மேற்பட்டை நன்றாகத் தோன்றினும் உள்ளிருக்கும் நூற்படலம் நைந்திருக்கலாம். வாங்குமுன் பக்கச்சுவரில் வெடிப்பு, புடைப்பு, உட்புற ஒட்டு ஆகியவை உளவா என்று தடவிப் பார்க்க. 2000-ம் ஆண்டிற்குப் பின் செய்த டயர்களில் நான்கு இலக்க எண் ஒன்று காணப்படும். 2318 என்றிருந்தால் அது 2018-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். ரப்பர் உழைக்காமலே கிடந்தாலும் வெயிலினாலும் காலத்தினாலும் இறுகி வெடிப்புறும். அறுவடை இல்லாத மாதங்களில் டிரெயிலரை நிழலில் நிறுத்தி, அச்சின் கீழ் மரக்கட்டை கொடுத்துச் சக்கரத்தைத் தரையினின்றும் உயர்த்தி வைப்பது நலம். எண்ணெய் டயரில் படலாகாது.

வழியில் வெடித்தால் செய்யவேண்டியவை

1. பிரேக்கைத் திடீரென மிதிக்கலாகாது. டிரெயிலருக்குத் தனிப் பிரேக் இல்லாவிடில், பின்னுள்ள பாரம் டிராக்டரை முன்னே தள்ளி ஒருபுறம் மடக்கிவிடும். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகத்தை மெல்லக் குறைத்து நிறுத்துக. ரஸ்தாவில் செல்லும்பொழுது டிராக்டரின் இடது, வலது பிரேக்குகளை எப்பொழுதும் ஒன்றாகப் பூட்டியே வைத்திருக்கவேண்டும்.

2. ஏரிக்கரையிலோ சரிவிலோ நிறுத்தாமல், கெட்டியான சமதரையில் ஓரமாக நிறுத்துக. எஞ்சினை அணைத்துக் கைப்பிரேக்கைப் போட்டு, மற்றச் சக்கரத்திற்கு முன்னும் பின்னும் கல் வைக்க. பகலில் சிவப்புத் துணியும் இரவில் விளக்கும் வண்டிக்குப் பின்னே போதிய தூரத்தில் வைப்பது அவசியம்.

3. சுமையேற்றிய இரு சக்கர டிரெயிலரை டிராக்டரிலிருந்து கழற்றலாகாது. ஏர்க்கால் போன்ற முன்பாகம் திடீரெனக் கீழே விழலாம். பின்பாரம் மிகுந்திருந்தால் மேலே எழும்பி அடிக்கவும் கூடும்.

4. கூடியவரை சுமையை இறக்கியபின் ஜாக்கி வைக்க. ஜாக்கியை அச்சின் கீழ், பலகையின் மேல் வைக்கவேண்டும். நட்டுகளைச் சக்கரம் தரையிலிருக்கும்பொழுதே சிறிது தளர்த்திக்கொள்க. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் ஒருவரும் நுழையலாகாது.

5. ஸ்டெப்னி பூட்டியபின் நட்டுகளை ஒன்றுக்கு எதிரொன்றாக முடுக்கி, சில கிலோமீட்டர் சென்றதும் மறுபடியும் முடுக்குக. மற்ற டயர்களையும் பரிசோதிக்க. வெடித்ததன் பாரத்தைச் சிறிது நேரம் சுமந்தவை அவையே.

6. பழுது பார்த்த டயருக்குக் காற்றடைக்கும்பொழுது அதற்கு நேரெதிரே நிற்றல் கூடாது. பூட்டு வளையமுள்ள ரிம் ஆயின், வளையம் தெறித்து உயிரையே வாங்கிவிடும்.

டிரெயிலரில் ஆட்களை ஏற்றுதல்

நெல் மூட்டை கவிழ்ந்தால் அள்ளிக்கொள்ளலாம். நடவுக்கும் களையெடுப்புக்கும் செல்லும் பெண்டிர் இருபது பேரைச் சுமந்த டிரெயிலர் கவிழ்ந்தால் அள்ளுவதற்கு என்ன இருக்கின்றது? கைப்பிடியும் இருக்கையும் இல்லாத அவ்வண்டியில் பயணிகளை ஏற்றுவது சட்டத்திற்கும் விரோதம். கார்த்திகைத் தீபத்திற்கும் பௌர்ணமி கிரிவலத்திற்கும் கிராமத்தோடு டிரெயிலரில் புறப்படும் வழக்கத்தைக் கைவிட்டுப் பஸ்ஸிலேயே வரவேண்டும். அந்நாட்களில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுதும் ஜனத்திரள் நடந்துகொண்டிருக்கும். அதனருகே ஒரு டயர் வெடித்தால் வண்டியிலிருப்பவர் மட்டுமன்றி நடப்பவரும் ஆபத்திற்குள்ளாவர்.

சுருங்கக் கூறின், குளிர்ந்த டயரில் காற்றை அளக்க, பொறித்த அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றாதிருக்க, இருபுறமும் சமமாக அடுக்க, நைந்த டயரைக் கழிக்க, மெதுவாகச் செல்க. உழவு மாட்டைப் பூட்டுமுன் அதன் கழுத்தையும் குளம்பையும் பார்த்தறிந்த குடியானவர், டயரையும் அவ்வாறே ஒரு நிமிஷம் குனிந்து பார்ப்பாராயின், வழியில் நேரும் வெடிப்புகளில் பெரும்பாலானவை நேராமற் போகும்.