நான்கு கோடு காட்டுது, லைன் போகலையே!

மாணவர்களே, தைப்பூசத்தன்று பத்துமலைக்குப் போய் வந்தவர்களில் பலர் இதை அனுபவித்திருப்பீர்கள். கைப்பேசியின் மேல் மூலையில் நான்கு கோடுகளும் முழுமையாகத் தெரியும். ஆனால், எண்ணை அழுத்தினால் மணி அடிக்காது. புலனத்தில் செய்தி அனுப்பினால் கடிகாரக் குறி மட்டும் நிற்கும். ஒற்றைச் சரிகூட விழாது.

சில ஆண்டுகளுக்கு முன் எனக்கும் இப்படித்தான் நேர்ந்தது. படியேறிக் கொண்டிருந்தபோது, கீழே முருகன் சிலைக்கு அருகில் உட்கார வைத்திருந்த அம்மாவைக் காணவில்லை என்று அக்காள் மகன் ஓடி வந்து சொன்னான். அம்மாவுக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது. சர்க்கரை நோய் வேறு. அவர் கையில் கைப்பேசி இருந்தது, என் கையிலும் இருந்தது. இருபது முறையாவது அழைத்திருப்பேன். ஒன்றுகூடப் போகவில்லை. அன்று என் கோபமெல்லாம் கைப்பேசி நிறுவனத்தின் மீதுதான். கோபம் ஆறிய பிறகுதான், நான்கு கோடு இருந்தும் ஏன் போகவில்லை என்ற கேள்வி வந்தது. அதற்கான விடை நீங்கள் படிவம் நான்கில் படிக்கும் அலைகள் பாடத்தில்தான் தொடங்குகிறது.

கோடு எதைக் காட்டுகிறது?

கோபுரத்திலிருந்து வரும் அலை உங்கள் கைப்பேசியை எவ்வளவு வலுவாக வந்தடைகிறது என்பதை மட்டுமே அந்தக் கோடுகள் காட்டுகின்றன. இந்த வலுவை 'டிபிஎம்' என்ற அலகில் குறிப்பார்கள். 0 டிபிஎம் என்றால் 1 மில்லிவாட். ஒவ்வொரு 10 குறையும்போதும் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகும். ஆக, −80 டிபிஎம் என்பது 1 மில்லிவாட்டைப் பத்துக் கோடியால் வகுத்தால் கிடைப்பது. 4ஜி-யில் இது நல்ல சமிக்ஞை. −110 டிபிஎம் அதைவிட ஆயிரம் மடங்கு குறைவு; ஆனால் கைப்பேசி அதையும் கேட்டுப் புரிந்துகொள்ளும். நம் சட்டைப் பையில் இருக்கும் கருவி எவ்வளவு கூர்மையான காது படைத்தது என்பதை நாம் யோசிப்பதே இல்லை.

பல ஆண்டிராய்டு கைப்பேசிகளில் 'கைப்பேசியைப் பற்றி' என்ற பகுதியில் சிம் நிலையைத் திறந்தால் இந்த எண் தெரியும். வீட்டுச் சன்னல் அருகே, குளியலறையில், மின்தூக்கிக்குள் என மூன்று இடங்களில் குறித்துப் பாருங்கள். மின்தூக்கியின் இரும்புச் சுவர்களுக்குள் எண் எப்படிச் சரிகிறது என்று பார்த்தால், மின்காந்த அலைக்கு உலோகம் எப்படிப்பட்ட தடை என்பது ஆசிரியர் சொல்லாமலேயே புரியும்.

ஆனால், பத்துமலையில் என் சிக்கல் இந்த எண் அல்ல. கோபுரம் தன் அடையாள அலையை ஒரே வலுவில் அனுப்பிக் கொண்டே இருக்கும். அதை ஒருவர் கேட்டாலும் ஐயாயிரம் பேர் கேட்டாலும் வலு மாறாது. எனவே நெரிசல் எவ்வளவு இருந்தாலும் கோடுகள் குறைய வேண்டியதில்லை. மேலும், கோபுரம் ஏறத்தாழ 40 வாட் ஆற்றலில் பேசுகிறது; உங்கள் கைப்பேசி அதிகபட்சம் 0.2 வாட்டில்தான் பதில் சொல்கிறது. கோபுரத்தின் குரல் உங்களுக்குக் கேட்கிறது என்பதால் உங்கள் குரலும் அதற்குக் கேட்கிறது என்று அர்த்தமில்லை. கோடுகள் இந்தத் திரும்பும் வழியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

நூறு துண்டு, ஒரு மில்லிவினாடி

வானொலி அலைகளில் எந்த அதிர்வெண்ணை யார் பயன்படுத்தலாம் என்பதை அரசு பங்கிட்டுக் கொடுக்கிறது. நம் நாட்டில் அந்தப் பொறுப்பு மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தினுடையது. இப்படிப் பங்கிடப்படும் தொகுதியைத்தான் அலைக்கற்றை என்கிறோம். ஒரு நிறுவனத்துக்கு 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 4ஜி-யில் அந்த அகலத்தை 180 கிலோஹெர்ட்ஸ் அளவுள்ள 100 துண்டுகளாக வெட்டுவார்கள். (100 × 180 கிலோஹெர்ட்ஸ் = 18 மெகாஹெர்ட்ஸ். மீதி 2 மெகாஹெர்ட்ஸ், பக்கத்து அலைவரிசையோடு உரசாமல் இருக்க ஓரங்களில் விடப்படும் இடைவெளி.)

கோபுரத்தில் உள்ள கணினி, ஒவ்வொரு மில்லிவினாடியும் இந்த நூறு துண்டுகளையும் யார் யாருக்குக் கொடுப்பது என்று புதிதாக முடிவு செய்கிறது. ஒரு வினாடிக்கு ஆயிரம் முறை! விருந்தில் நூறு வாழையிலை போட்டு, கண்ணிமைப்பதற்குள் பந்தியை எழுப்பி, அடுத்த நூறு பேரை உட்கார வைப்பது போன்றது இது. ஒருவருக்கே பத்து இலையும் கிடைக்கலாம். ஒரு பந்தி முழுவதும் ஒருவருக்கு எதுவுமே கிடைக்காமலும் போகலாம்.

ஒரு துண்டில் எவ்வளவு தகவல் ஏற்றலாம் என்பதற்கும் எல்லை உண்டு. அதை 1948-இல் அமெரிக்கக் கணித அறிஞர் கிளாட் ஷானன் ஒரு சமன்பாட்டில் சொன்னார்:

தகவல் வேகம் = பட்டை அகலம் × மடக்கை (1 + சமிக்ஞை ÷ இரைச்சல்)

இங்கே மடக்கையின் அடிமானம் 2. கூடுதல் கணிதம் எடுப்பவர்களுக்கு இது எளிது. மற்றவர்கள் 'எத்தனை முறை இரண்டால் பெருக்க வேண்டும்' என்று கேட்டால் போதும். சமிக்ஞை இரைச்சலைவிட 15 மடங்கு என்றால், 1 + 15 = 16. அது இரண்டின் நான்காம் அடுக்கு. எனவே 20 மெகாஹெர்ட்ஸ் × 4 = வினாடிக்கு 80 மெகாபிட். சமிக்ஞை 3 மடங்காகக் குறைந்தால் 20 × 2 = 40 மெகாபிட்.

இப்போது தலைகீழாகப் பாருங்கள். வேகத்தைக் கூட்ட வேண்டுமென்று சமிக்ஞையை 15-இலிருந்து 31 மடங்காக உயர்த்துகிறோம். இரு மடங்குக்கும் அதிகமான ஆற்றல் செலவாகிறது; கிடைப்பதோ 20 × 5 = 100 மெகாபிட். கால் பங்குதான் கூடுகிறது. அதற்குப் பதிலாக, சமிக்ஞை–இரைச்சல் விகிதம் மாறாமல் அலைக்கற்றையை 40 மெகாஹெர்ட்ஸ் ஆக்கினால் வேகம் அப்படியே இரட்டிப்பாகிவிடும். அலைக்கற்றைக்காக நிறுவனங்கள் ஏன் இவ்வளவு போட்டி போடுகின்றன என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

பத்துமலைக்கு வருவோம். நெரிசலில் விகிதம் 3 என்றால் அந்தப் பகுதிக்கு மொத்தம் 40 மெகாபிட். அதை 2,000 பேர் சமமாகப் பகிர்ந்தால் ஒருவருக்கு 20 கிலோபிட். ஒரு குரல் அழைப்புக்கு ஏறக்குறைய 13 கிலோபிட் இருந்தாலே போதும். ஆகவே கணக்குப்படி அத்தனை பேரும் பேசலாம்! ஆனால் யாரும் சமமாகப் பகிர்வதில்லை. காவடியை நேரலையில் காட்டும் ஒருவருக்கு 2 மெகாபிட் தேவை என்றால், இருபது பேரே 40 மெகாபிட்டையும் காலி செய்துவிடலாம். நான் நேரலைக்கு எதிரி அல்ல. வெளியூரில் இருக்கும் பாட்டிக்குத் தேரைக் காட்டுவது நல்ல காரியம்தான். இருபது என்ற எண் எவ்வளவு சிறியது என்பதை மட்டும் கவனியுங்கள்.

வாசலிலேயே நெரிசல்

உண்மையில் என் அழைப்பு பந்திக்கே போகவில்லை, வாசலிலேயே நின்றுவிட்டது. கைப்பேசி பேசத் தொடங்கும் முன், 'நான் இருக்கிறேன், எனக்கு ஓர் இடம் வேண்டும்' என்று கோபுரத்திடம் கேட்க வேண்டும். 4ஜி-யில் இதற்காக 64 அடையாளக் குறிகள் உள்ளன. கைப்பேசி அதில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுத்து அனுப்பும். ஒரே நொடித் துளியில் இரண்டு கைப்பேசிகள் ஒரே குறியை எடுத்துவிட்டால் மோதல்தான். தோற்றது சற்றுக் காத்திருந்து மீண்டும் முயலும்.

64 குறிகள் நிறைய என்று தோன்றுகிறதா? நிகழ்தகவு பாடத்தை நினைவுபடுத்திப் பாருங்கள். ஒரே வேளையில் 10 கைப்பேசிகள் குறி எடுக்கின்றன. எதுவும் மோதாமல் இருக்க, இரண்டாவது கைப்பேசி மீதியுள்ள 63-இல் ஒன்றையும், மூன்றாவது 62-இல் ஒன்றையும் எடுக்க வேண்டும். 63/64 × 62/64 × 61/64 என்று 55/64 வரை பெருக்கினால் கிடைப்பது 0.48. அதாவது, பத்தே பத்துக் கைப்பேசிகள் முயன்றாலே மோதலுக்கு 52 விழுக்காடு வாய்ப்பு உண்டு. நடைமுறையில் சில குறிகள் வேறு வேலைக்கு ஒதுக்கப்படுவதால் நிலைமை இதைவிடச் சற்று மோசம்.

தோற்ற கைப்பேசி மீண்டும் முயலும்போது இன்னும் உரக்கக் கத்தும். நாமும் 'போகலையே' என்று திரும்பத் திரும்ப அழுத்துவோம். நான் இருபது முறை அழுத்தியதில், எனக்குப் பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரின் வழியையும் அடைத்திருப்பேன்.

இதற்கும் ஒரு தற்காப்பு உண்டு. ஒவ்வொரு சிம் அட்டையிலும் 0 முதல் 9 வரை ஏதோ ஓர் அணுகல் எண் பதிவாகியிருக்கும். நெரிசல் எல்லை மீறினால் சில எண்களைக் கொஞ்ச நேரம் முயல வேண்டாம் என்று கோபுரம் அறிவிக்கலாம். 999 போன்ற அவசர அழைப்புகள் தனி வகை. அவற்றுக்கு முன்னுரிமை உண்டு. உங்கள் நிறுவனத்தின் கோபுரம் எட்டாத இடத்தில் வேறு நிறுவனத்தின் கோபுரம் வழியாகவும் அவை போகும்படி தொழில்நுட்ப விதிகள் வகுக்கப்பட்டுள்ளன.

எது நல்ல சேவை?

'வேகம் எவ்வளவு' என்று மட்டும் கேட்பது பாதிக் கேள்விதான். குரல் அழைப்பில் நூறு பொட்டலங்களில் ஒன்று தொலைந்தாலும் காது கண்டுகொள்ளாது. ஆனால் தாமதம் கூடினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கிவிடுவார்கள். அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஒருவழித் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருப்பது நல்லது என்கிறது. கோப்பு இறக்குவது இதற்கு நேரெதிர். அரை வினாடி தாமதித்தாலும் பரவாயில்லை, ஒரு பிட்கூடத் தவறக்கூடாது. அதனால்தான் 4ஜி விதிகளில் குரலுக்கு 100 மில்லிவினாடித் தாமதமும் நூற்றில் ஒன்று இழப்பும், சாதாரண இணையப் பயன்பாட்டுக்கு 300 மில்லிவினாடியும் பத்து லட்சத்தில் ஒன்று இழப்பும் இலக்காக வைத்திருக்கிறார்கள். ஒரே கோபுரம், ஒரே அலைக்கற்றை. ஆனால் இரண்டு வரிசை.

அப்படியானால் அலைக்கற்றையை ஏன் அள்ளிக் கொடுக்கக்கூடாது? எல்லா அதிர்வெண்ணும் ஒரே குணம் கொண்டவை அல்ல. அலைநீளம் = ஒளியின் வேகம் ÷ அதிர்வெண். 700 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 43 சென்டிமீட்டர்; வெகுதூரம் போகும், சுவருக்குள்ளும் ஓரளவு நுழையும். 3.5 கிகாஹெர்ட்ஸில் அது 8.6 சென்டிமீட்டர். 28 கிகாஹெர்ட்ஸில் ஒரு சென்டிமீட்டர்தான். அங்கே அகலம் தாராளமாகக் கிடைக்கும், ஆனால் ஒரு மரமோ மனித உடலோ குறுக்கே வந்தால் தடுமாறும். அடைமழை பெய்யும்போது கூரையில் தட்டு வைத்த தொலைக்காட்சியில் படம் நின்றுபோவதைப் பார்த்திருப்பீர்களே? 12 கிகாஹெர்ட்ஸ் அளவிலுள்ள அந்த அலையை மழைத்துளிகள் உறிஞ்சிச் சிதறடிப்பதுதான் காரணம்.

அதனால் 700 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த பட்டைகள் தங்கத்துக்குச் சமம். நம் நாட்டில் அந்த இடத்தில் பழைய அனலாக் தொலைக்காட்சி இருந்தது. 2019 அக்டோபர் 31-இல் நாடு முழுவதும் அனலாக் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டு இலக்கமுறைக்கு மாறியபோது அந்தப் பட்டை காலியானது. இன்று 5ஜி-க்குப் பயன்படுகிறது. 2021 இறுதியில் 3ஜி சேவை முடிவுக்கு வந்ததும், அது பிடித்துக்கொண்டிருந்த அலைக்கற்றையை 4ஜி-க்கு மாற்றத்தான்.

அலைக்கற்றையைக் கூட்ட முடியாதபோது இன்னொரு வழி, அதையே திரும்பப் பயன்படுத்துவது. பகுதிகளைச் சிறிதாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு நிலையம் வைத்தால், ஒரே அதிர்வெண் பல இடங்களில் வேலை செய்யும். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1947-லேயே அறுகோணக் கட்டங்களாக இதை வரைந்து பார்த்திருக்கிறார்கள். பெருங்கூட்டம் கூடும் இடங்களில் லாரியில் ஏற்றிய தற்காலிக நிலையங்களை நிறுத்துவதும் இதே யுக்திதான். ஆனால் நிலையங்கள் மிக நெருங்கினால் ஒன்றின் சமிக்ஞை இன்னொன்றுக்கு இரைச்சலாகும். ஷானன் சமன்பாட்டின் கீழ்ப்பகுதி பெருத்துவிடும்.

சரி, அம்மாவுக்கு என்ன ஆயிற்று? ஒலிபெருக்கியில் அவர் பெயரையும் ஊரையும் அறிவிக்கச் சொன்னோம். கால் மணி நேரத்தில், தண்ணீர்ப் பந்தலில் மோர் குடித்துக்கொண்டிருந்தவரைத் தொண்டர் ஒருவர் அழைத்து வந்தார். ஒலிபெருக்கி எப்படி வென்றது? அது ஒருவழி ஒலிபரப்பு; கேட்பவர் ஆயிரமானாலும் லட்சமானாலும் யாரும் இடம் கேட்டு மோத வேண்டியதில்லை. நிலநடுக்க எச்சரிக்கையைக் கைப்பேசிகளுக்கு அனுப்ப ஜப்பான் பயன்படுத்தும் முறையும் இதுவே: தனித்தனியாக அழைக்காமல், அந்தப் பகுதியில் உள்ள எல்லாக் கைப்பேசிக்கும் ஒரே செய்தியை ஒரே தடவையில் ஒலிபரப்பிவிடுவது.

திரும்பும் வழியில் கொமுட்டர் ரயில் நகர்ந்து ஒரு நிலையம் தாண்டியதும் அம்மாவின் கைப்பேசி விடாமல் மணியடித்தது. 'எங்கம்மா இருக்கீங்க?' என்று நான் அனுப்பிய பதினொரு செய்திகளும் வரிசையாக வந்து விழுந்தன. "பக்கத்துலதானேடா உட்கார்ந்திருக்கேன்?" என்றார்.