பில் வருது, நெட் வரல

காஞ்சிபுரம் காந்தி ரோட்டுப் பட்டுக்கடைகளில் நெட்வொர்க் வேலைக்கு என்னைக் கூப்பிடுகிறவர்கள் சொல்வது ஒரே புகார்தான்: “நெட் வரல தம்பி, சீக்கிரம் வா.” உடனே ஓடிப்போய் ரூட்டரை அணைத்துப் போடுவதில் பிரயோஜனமில்லை. பில் பிரிண்ட் ஆகிறதா, கேமரா தெரிகிறதா, ஜிஎஸ்டி தளம் திறக்கிறதா என்று போனிலேயே கேட்டுவிடுவேன். பாதி விடை அதில் வந்துவிடும்.

ஒரு கம்ப்யூட்டர் எதை அனுப்புவதானாலும், போய்ச் சேரவேண்டிய முகவரி தன் நெட்வொர்க்கில் உள்ளதா என்று சப்நெட் மாஸ்க்கை வைத்துப் பார்க்கும். உள்ளது என்றால் நேரே அனுப்பிவிடும், வெளியே போகும் வாசலான கேட்வே பக்கமே போகாது. இல்லை என்றால்தான் கேட்வேயிடம் கொடுக்கும். அதனால் பில் அச்சாகி நெட் மட்டும் வராவிட்டால் கேட்வேயையும் டிஎன்எஸ்ஸையும் பாருங்கள். நெட் வந்து பிரிண்டர் மட்டும் மக்கர் செய்தால் ஐபியையும் மாஸ்க்கையும் பாருங்கள்.

மாஸ்க் என்றால் என்ன என்று ஒரு முதலாளி விடாமல் கேட்டார். கல்லாவுக்குப் பக்கத்தில் கோர்வைப் புடவை ஒன்று பிரிந்து கிடந்தது. உடல் எங்கே முடிகிறது, பார்டர் எங்கே தொடங்குகிறது என்று காட்டுவதுதான் மாஸ்க் என்றேன். 192.168.1.25 என்ற முகவரிக்கு 255.255.255.0 போட்டால் முதல் மூன்று எண்ணும் உடல், கடைசி எண் பார்டர். உடல் ஒன்றாக இருப்பதெல்லாம் ஒரே நெட்வொர்க். இப்போது கடைப் பையன்களுக்கு அவரே பாடம் எடுக்கிறார்.

அடிக்கடி வரும் தொல்லை புது ஃபைபர் இணைப்பு. பழைய மோடம் 192.168.1.1 என்றிருக்கும், புதுப் பெட்டி 192.168.29.1 என்று வந்து உட்காரும். நெட் ஜோராக வரும். ஆனால் பிரிண்டரும் கேமரா ரெக்கார்டரும் கையால் போட்ட பழைய ஐபியிலேயே நிற்கும். அவற்றை ஒவ்வொன்றாக மாற்றாதீர்கள். பழைய மோடத்தைக் கழற்றிவிட்டு, புதுப் பெட்டியின் முகவரியை 192.168.1.1 ஆக்கி, ஐபியைத் தானாகக் கொடுக்கும் டிஹெச்சிபியின் வரம்பையும் அதற்கேற்ப வையுங்கள். கையால் போட்ட ஐபிகள் அந்த வரம்புக்கு வெளியே இருக்கட்டும்.

ஆளை அலைக்கழிப்பது 10-இல் தொடங்கும் முகவரிகள். விண்டோஸில் 192 என்று தொடங்கி ஐபி அடித்து மாஸ்க் கட்டத்தைத் தொட்டால் 255.255.255.0 தானாக விழும். 10 என்று தொடங்கினால் விழுவது 255.0.0.0. கவனிக்காமல் ஓகே கொடுத்துவிடுவார்கள். ஒரு கடையில் 10.0.1 வரிசை, பிள்ளையார்பாளையத்தில் அவர்களுடைய கிடங்கில் 10.0.2 வரிசை, நடுவில் விபிஎன். கடையின் ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் நெட் வருகிறது, பிரிண்டர் ஓடுகிறது, கிடங்கு ஸ்டாக் திறக்கவில்லை. எல்லோரும் விபிஎன்னைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். கிடங்குக்கு பிங் அடித்தால் ‘டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்’ என்று பதில் வந்தது. அந்த வரியில் பதில் சொன்ன முகவரியைப் பாருங்கள்: அது அதே கம்ப்யூட்டரின் சொந்த ஐபி! 10-இல் தொடங்குவதெல்லாம் தன் வீட்டுக்குள் என்று மாஸ்க் சொல்லிவிட்டதால், அது கிடங்கைக் கடைக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தது. கேட்வேயைக் கேட்கவே இல்லை. மாஸ்க்கை 255.255.255.0 ஆக்கியதும் ஸ்டாக் திறந்துகொண்டது.

2019-இல் அத்தி வரதர் வைபவம் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை நடந்தபோது ஊரே திணறியது. ஒரு கடையில் வந்தவர்களுக்கெல்லாம் வைஃபை பாஸ்வேர்டு கொடுத்தார்கள். போன்கள் கிளம்பிப் போன பிறகும், 24 மணி நேர லீஸ் முடியும்வரை அவற்றின் ஐபிகள் திரும்பவில்லை. கூட்டத்துக்காகப் புதிதாக வைத்த பில்லிங் லேப்டாப்புக்குக் கிடைத்தது 169.254 என்று தொடங்கும் ஐபி, அதாவது டிஹெச்சிபியிடமிருந்து எதுவும் வரவில்லை. மாஸ்க்கை 255.255.254.0 ஆக்கினால் 254 இடம் 510 ஆகும் என்று ஒருவர் யோசனை சொன்னார். கணக்கு சரிதான். ஆனால் அப்போது 192.168.1 சேர்வது 192.168.0-உடன், பலர் நினைப்பதுபோல் 192.168.2-உடன் அல்ல, கையால் போட்ட ஒவ்வொரு கருவியிலும் மாஸ்க்கை மாற்றவும் வேண்டும். அந்தக் கூட்டத்தில் அது ஆகிற காரியமில்லை. லீஸை ஒரு மணி நேரமாகக் குறைத்து, வாடிக்கையாளர் வைஃபையைத் தனி நெட்வொர்க்காகப் பிரித்துவிட்டேன்.